கூட்டல் கழித்தல் பதினாறு

ஊமியோவில் நவம்பர்.
இரண்டரை மணிக்கே ஜன்னல் கறுத்துவிட்டது.
கண்ணாடியில் தெரிகிறவளுக்கு
நேற்றைய ஸ்வெட்டர், முந்தாநாள் தலைமுடி.

குளிர் அறையில், நெகிழித் தாள் சுற்றி,
ஓர் ஏரியின் அடிச்சேற்றைப் படுக்க வைத்திருக்கிறேன்.
இரண்டு மீட்டர்.
பனி உருகி ஓடை கொண்டுவந்து சேர்த்த வெளிர்க்கோடு ஒன்று,
ஏரி மூடிக்கிடந்த மாதங்களில்
மெல்ல மெல்ல அடங்கிய கருங்கோடு ஒன்று.
இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆண்டு.
நான் எண்ணினேன்: மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
தூர்கெல் எண்ணினான்: மூவாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்று.

முப்பத்தோர் ஆண்டுகள்
ஒரே நுண்ணோக்கியில், இரண்டு ஜோடிக் கண்களுக்கு நடுவே
காணாமல் போயிருக்கின்றன.
உன் வயது, என்றான் அவன்,
சிரிக்க வைப்பதற்காக.
சிரித்தேன்.
பிறகு கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டுக்
கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஆய்வு என்றால்
உறைந்த ஏரியின் மேல் நின்று துளைப்பது என்றிருந்தேன்.
விரல் மரத்துப்போகும், பிளாஸ்க்கில் காப்பி ஆறிப்போகும்,
அடியில் ஏதோ தட்டுப்படும்.
இப்போது எல்லாம் ஒரு காற்புள்ளி.
நூற்றெண்பத்தேழு மேற்கோள்கள்,
ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு முன்னால் அது வருமா வராதா.
படம் 4.7இன் அச்சில் மில்லிமீட்டர் சென்டிமீட்டராக நிற்கிறது.
அதைத் திருத்தினால் 4.8 அடுத்த பக்கத்துக்கு ஓடுகிறது.
பிடித்து இழுத்து வந்தால்
அடிக்குறிப்பு ஒன்று வெற்றுப் பக்கத்தில் தனியாகப் போய் நிற்கிறது,
வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி.

ஆனை போய்விட்டது,
வால்தானே என்கிறார்கள் எல்லாரும்.
வாலைப் பிடித்து நிற்கிறவளுக்குத் தெரியும்
அதன் மறுமுனையில் இன்னும் ஆனை இருப்பது.

"இருக்கக்கூடும்" என்று ஒரே பத்தியில் ஆறுமுறை எழுதியிருக்கிறேன்.
ஆறையும் பச்சை மையில் சுழித்துத்
திருப்பி அனுப்பியிருக்கிறார் சுன்னீவா.
ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.
வேறொன்றுமில்லை.

இரவு ஒன்றேமுக்கால்.
மைக்ரோவேவில் மூன்றாம் முறை சூடாகிறது
யாரும் தின்னாத பட்டாணி சூப்.
கோட்டு போட்டுக்கொண்டு குளிர் அறைக்குப் போனேன்.
நூற்றுப் பதினெட்டாம் சென்டிமீட்டர்.
கருங்கோட்டின் நடுவே, நகக்கீறல் அளவு, ஒரு வெளுப்பு.
கடுங்குளிரில் ஏதோ ஒரு வாரம்
ஏரி விழித்துப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கியிருக்கிறது.
நான் அதை இரண்டு ஆண்டு என்றேன்.
அவன் ஒன்று என்றான்.
நாலு விரல்கடை தள்ளி, இன்னோரிடத்தில்,
மழையே இல்லாமல் மெலிந்துபோன ஓர் ஆண்டு.
நான் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை.
அல்லது அங்கே ஆண்டே இல்லை, என் ஆசைதான் இருந்தது.

யாரும் பொய் சொல்லவில்லை.
சேறு தன் கணக்கைச் சொல்லிவிட்டது,
எங்களுக்குக் கேட்டது அவ்வளவுதான்.

மேலே வந்து
ஆறு "இருக்கக்கூடும்"களையும் அழித்தேன்.
ஓர் எண்ணை எழுதினேன்,
அதன் இருபக்கமும் பதினாறு ஆண்டுகளுக்கு இடம் விட்டேன்.
கூட்டல், கழித்தல்.
ஐந்து வருடத்தில் நான் எழுதியவற்றில்
தயங்காமல் எழுதிய வரி அதுதான்,
அதுவும் எனக்கு எவ்வளவு தெரியாது என்பதைப் பற்றி.

இங்கே ஒரு வழக்கம்.
வாதத்துக்கு மூன்று வாரம் முன்பு
ஆய்வேட்டைத் தாழ்வாரப் பலகையில் ஆணியடித்து வைக்க வேண்டும்,
போகிறவர் வருகிறவர் யாரும் புரட்டிக் குறை சொல்லலாம்.
கட்டடக் காவலர் ஹில்டிங் மூலையில் துளை போட்டுத் தந்தார்.
துளையிலிருந்து காகிதத் தூள் விழுந்தது.
அதையும் பையில் போட்டு எண் எழுதப் பார்த்தது கை.

முதல் ஆணி வளைந்தது.
இரண்டாவதில் கட்டைவிரல்.
மூன்றாவது இறங்கியது.
தூர்கெல் கைதட்டினான், ஒற்றை ஆளாக.

தொங்கியதைச் சும்மா புரட்டினேன்.
பக்கம் அறுபத்து மூன்று, மேலிருந்து நாலாம் வரி:
"ஆண்டு ஆண்டு" என்று
ஒரு சொல் இரண்டு முறை அச்சாகியிருக்கிறது.

விரலைச் சப்பிக்கொண்டு யோசித்தேன்.
சரி.
அது அந்தப் பதினாறுக்குள் அடங்கும்.