அது வந்து

கேள்விகள் ஏழு.
புதுவயல் பஸ்ஸில் முழங்காலில் வைத்து எழுதியதால்
ஐந்தாவது மட்டும் கோணல்.
முதல் கேள்வி:
இந்த வெற்றியை / தோல்வியை எப்படி உணர்கிறீர்கள்?
பொருந்தாததை அங்கே போய் அடித்துக்கொள்ளலாம்.

அரிசி ஆலைக் களத்தில்தான் ஆட்டம்.
அவித்த நெல்லை ஓரமாக ஒதுக்கிவிட்டு
சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள்.
"கூட யாரும் வரலையாம்மா?" என்றார் கமிட்டித் தலைவர்.
நாற்காலியைத் துண்டால் துடைத்தார்.
பிறகு அதில் அவரே உட்கார்ந்துகொண்டார்.

கடைசி ரெய்டு. கண்டனூர் அணி ஒரு புள்ளி பின்னால்.
சேவுகமூர்த்தி பாடிப் போனான்.
இடது பக்கம் மூன்று பேர், கை கோத்து.
வலது மூலையில் ஒருத்தர் தனியாக.
மூன்று பேரிடம் போய் விழுந்தான்.
புழுதி அடங்கியபோது இருபத்தேழு, இருபத்தொன்பது.
பரிசுக் கிடாயை ஜெயித்த பக்கம் இழுத்துப் போனார்கள்,
அது கத்திக்கொண்டே போனது.

தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் அவனைப் பிடித்தேன்.
போனை நீட்டினேன். தொடங்கினேன்.
எப்படி உணர்கிறீர்கள் பயிற்சி போதவில்லையா
நடுவர் தீர்ப்பில் திருப்தியா அரசு உதவி கிடைக்கிறதா
உங்கள் முன்மாதிரி யார்
முழங்கையில் ஒட்டியிருந்த நெல்லை
ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தவன்
"அக்கா," என்றான்,
"கொஞ்சம் மூச்சு விடுங்க. பாடிப் போனது நான்."

அப்போது ஜெனரேட்டர் நின்றது.

இருட்டில் தாள் தெரியவில்லை.
ஏழாவது கேள்வி மறந்துபோனது.
சும்மா நின்றேன்.
நெல் அவித்த வாசம். எங்கோ யாரோ
கிடாய்க்குத் தழை போடச் சொல்லிக் கத்தினார்கள்.
எவ்வளவு நேரமோ.

"வலது மூலையில நின்னாருல்ல, எங்க அத்தான்.
அக்கா வீட்டுக்காரரு. அந்த ஊரு டீமு.
போன மாசம்தான் முட்டியில வச்ச பிளேட்ட எடுத்தாங்க.
யாருக்கும் சொல்லாம ஆடுறாரு.
அந்தப் பக்கம் போயிருந்தா பாயிண்ட்டு நிச்சயம்.
கால் திரும்பலக்கா."

கொஞ்சம் கழித்து,
"இதப் போட்றாதீங்க. டீம்ல அடிப்பாய்ங்க.
அது பரவால்ல.
அத்தானுக்குத் தெரிஞ்சா பேசவே மாட்டாரு."

கடைசி பஸ்ஸில் போனைக் காதில் வைத்துக் கேட்டேன்.
என் முதல் கேள்விக்குப் பிறகு
"அது வந்து" என்கிறான்.
இரண்டாவது அதன்மேல் ஏறி உட்காருகிறது.
மூன்றுக்குப் பின்னும் "அது வந்து".
நான்கு அதை மிதித்துக்கொண்டு போகிறது.
கண்டனூர் தாண்டும்வரை கேட்டேன், காது சுட்டது.
இருட்டுக்குப் பிறகு பேசியதை மட்டும் அழித்தேன்.
அழிக்கும் முன் இன்னொரு தரம் கேட்டேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

மதுரை டெஸ்க்கில் காதர் மைதீன்:
"தோத்த பையன் ஏதும் சொன்னானாம்மா?"
"அது வந்து…" என்றேன்.
அவர் காத்திருக்கவில்லை.
மறுநாள் ஒன்பதாம் பக்கத்தில், டயர் விளம்பரத்துக்குக் கீழே
நாலு வரி. நமது நிருபர்.

பதினோரு வருடம் ஆயிற்று.
போன ஆவணியில் அத்தான் மகளின் காதுகுத்து.
சேவுகமூர்த்தியே மைக்கைப் பிடுங்கி
அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டானாம்.
அதனால்தான் எழுதுகிறேன்.
அத்தான் இலையை விட்டு எழுந்து
மண்டபம் முழுக்க அவனை விரட்டினாராம்.

முட்டி இப்போது பரவாயில்லை போல.