தொண்ணூறாம் பக்கம்

திங்கள் மாலை. பேர்கனில் மழை,
அதாவது பேர்கன்.
ஏழு நாற்காலி, ஆறு ஈரக் குடை,
நடுவில் ஒரு தட்டு பிஸ்கட்,
பக்கத்தில் அந்த நாவல்:
நூலகம் வாங்கிய ஐந்து பிரதிகளில்
திரும்பி வந்த மூன்று.
கூட்டத்தை நடத்துவது என் வேலை.
நடத்துவது என்றால் கடிகாரம் பார்ப்பது.

குட்வெய்க் முதலில் பேசினார்,
வரித்துறையில் முப்பத்தொரு வருடம்.
"குப்பை" என்றார்.
"டிராமில் படித்துக்கொண்டிருந்தேன்.
கால்நடை மருத்துவமனைப் பூட்டை உடைத்து
உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவனுக்கு
திருடியது முழுக்கக்
குதிரைக்குக் கொடுக்கும் பூச்சி மாத்திரை என்று
தெரிகிற இடம்.
இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.
எதிரே இருந்த குழந்தை என்னைப் பார்த்து
அழ ஆரம்பித்தது, அப்படிச் சிரித்தேன்.
அதனால்தான் சொல்கிறேன், குப்பை.
என்னைக் கேட்காமல் என்னைச் சிரிக்கவைக்க
இவன் யார்?"

டொர்கெல் பல் மருத்துவர்.
ஒழுக்கத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.
"ஆறு வருடம் ஊசி போட்டவன்
பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஆப்பிளைக் கடிக்கிறான்.
கடிக்க முடியாது."
அவ்வளவுதான். பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

இசெலினின் பிரதியில்
மஞ்சள் ஒட்டுத்தாள்கள் வரிசையாக நாக்கு நீட்டின.
"இதில் வருகிற பெண்கள் ஒருத்திக்கும்
குடும்பப் பெயரே கிடையாது, கவனித்தீர்களா?"
நான் கவனித்திருக்கவில்லை.
கவனித்த பிறகு
நான் சிரித்திருந்த இரண்டு பக்கங்கள்
தொண்டையில் முள்ளாய் நின்றன.
ஆனாலும் விடியும்வரை
கீழே வைக்காமல் படித்தாளாம்.
இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் தாழ்ந்தது,
கடையில் எதையோ எடுத்துவிட்டதை
ஒப்புக்கொள்வது போல.

பிறகு அந்தச் சவ அடக்கம்.
எல்லோரும் அங்கே வந்துதானே ஆக வேண்டும்.
பெட்டிக்குள் தகப்பன்.
போதையில் மகன், பெட்டிமேல் சாய்ந்து
அப்படியே தூங்கிப்போகிறான்.
ஊரே விம்முகிறது: என்ன பாசம், என்ன பாசம்.
குறட்டை கிளம்பியதும் பாதிரியார்
ஆர்கன் வாசிப்பவருக்குக் கண்ணைக் காட்டுகிறார்.

"இதில் சிரிக்க என்ன இருக்கிறது?"
கேட்டது யார் என்று நினைவில்லை. நானாகக்கூட இருக்கலாம்.

ஸ்வெர்ரே அதுவரை வாயைத் திறக்கவில்லை.
குடையை மடித்தார்,
ஏற்கெனவே மடித்திருந்த குடையை.
"என் மகன் இப்படித்தான்.
இதே மாதிரி வேடிக்கைக்காரன்.
என் கைக்கடிகாரத்தை விற்றுவிட்டு வந்து
மணி என்ன என்று என்னிடமே கேட்டான்.
அவனைப் புதைத்த அன்று
எல்லோரும் நோய், நோய் என்றார்கள்.
நல்ல மனிதர்கள். நோய்தான்.
ஒருவராவது அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்வார்களா என்று
கடைசிவரை நின்றுகொண்டிருந்தேன்."

ஒருவரும் அசையவில்லை.
குட்வெய்குக்குத்தான் பொத்துக்கொண்டு வந்தது.
அதை இருமலாக்கப் பார்த்தார், முடியவில்லை.
ஸ்வெர்ரே அவர் பக்கம் திரும்பி
"நன்றி" என்றார்.

எட்டு மணி தாண்டியிருக்க வேண்டும்.
கடிகாரம் என் தலைக்கு நேர் மேலே.
நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இசெலின்தான் நிலைமையைச் சமாளிக்க,
"ஆனால் கடைசியில் அவன்..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாதீங்க!"

ஹீட்டரை ஒட்டியிருந்த ஏழாவது நாற்காலி.
பூங்காப் பக்கமிருந்து வருகிற கோல்பியோர்ன்,
குடை இல்லாதவன்,
சூடான காப்பிக்கு வருகிறான் என்றுதான்
இத்தனை நாள் நினைத்திருந்தோம்.
எழுந்தே விட்டான்.
"நான் இன்னும் தொண்ணூறாம் பக்கத்துலதான் இருக்கேன்."

நான்காம் பிரதி அவனிடம்.
(ஐந்தாவது எங்கே என்று யாருக்கும் தெரியாது.)
மார்ச்சிலிருந்து தொண்ணூறாம் பக்கம்.
கண் சொருகினால் வரி நழுவிவிடுகிறது,
மறுபடி மேலேயிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்கிறான்.
எப்படி இருக்கிறது கதை என்றேன், வாசல்வரை போய்.
யோசித்தான்.
"அவன் அதிர்ஷ்டக்காரன்.
எனக்கு அந்தக் குதிரை மாத்திரைகூட
அகப்பட்டதில்லை."

மூன்று முறை தவணை நீட்டியாயிற்று.
நான்காவதைக் கணினி ஏற்காது.
அட்டையை மாற்றித் தட்டினேன்;
புத்தகம் இப்போது என் பெயரில்.
மேலாளர் கேட்டால்
இன்னும் படித்து முடிக்கவில்லை என்பேன்.
பொய்யும் இல்லை.
அந்தக் குறட்டைக்கு அப்பால்
நான் இன்னும் போகவில்லை.