ஒரே எடை

ஒரு நட்சத்திரத்துக்குக் கூலி கிடையாது.
ஐந்து போட்டால் பன்னிரண்டு ரூபாய்,
தமிழில் எழுதினால் பதினாலு.
புதுவயலில் செராக்ஸ் கடை மாடியில்
அரிசி ஆலை உமிப்புகைக்குச் சன்னலைச் சாத்திவிட்டு
நான் எழுதாத பொருள் இல்லை:
மிக்சி, முழங்கால் பட்டை, மீன்தொட்டி மோட்டார்.
போன ஐப்பசியில் ஏர் ரைபிள் குண்டு.
டப்பாவுக்கு ஐந்நூறு. இருபத்தெட்டு மதிப்புரை கேட்டார்கள்.

துப்பாக்கியை நான் தொட்டது
கொப்புடையம்மன் திருவிழாவில் பலூன் சுட.
பலூன் உடையவில்லை.
ஆனாலும் எழுத வந்தது.
செல்வினாக எழுதினேன், என் மகன் மாநில அளவில் சுடுகிறான்.
ஓய்வுபெற்ற ஹவில்தாராக எழுதினேன், முப்பது வருட அனுபவம்.
பத்தொன்பதாவதில் கை அலுத்துப்போய்
வேறு மாதிரி இருக்கட்டுமே என்று
"ஒவ்வொரு குண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன்,
எல்லாம் ஒரே எடை" என முடித்து
டீ குடிக்கப் போனேன்.

தையில் படியேறி வந்தார் அடைக்கலம்.
ஆலைச் சாலை எடைமேடையில் சீட்டுக் கிழிப்பவர்.
டிரைவர் லாரியை விட்டு இறங்காதவரை
பொத்தானை அழுத்தமாட்டார்.
அவர் பெண் உமையாள்
தேவகோட்டை ரஸ்தா பக்கம் கிளப் துப்பாக்கியில் பழகுகிறாள்.
பத்து மீட்டர் தூரத்தில்
பத்து என்பது பேனா முனை வைத்த புள்ளி.

மூன்று அட்டைகளை விரித்தார்.
ஒன்பது, ஆறு, பத்து, ஏழு,
அம்மை வார்த்த முகம் மாதிரி ஓட்டைகள்.
"மூச்ச ஒழுங்காப் பிடின்னு கோச் திட்டுறாரு.
பிள்ள ரெண்டு நாளாச் சாப்பிடலை.
நமக்குத் தெரிஞ்சது ஒண்ணுதானே தம்பி,
நகைக்கடைத் தராசுல ஒவ்வொண்ணா நிறுத்தேன்."
பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு
531, 488, 560, 497,
எல்லாம் மில்லிகிராமில்.
நூறு குண்டு, நூறு வரி.

சண்டைக்கு வரவில்லை அவர்.
போனை நீட்டினார்.
என் பத்தொன்பதாவது.
"இவரும் நிறுத்துப் பாத்துத்தான் எழுதியிருக்காரு.
மத்தவன் சொன்னா நம்பியிருக்கமாட்டேன்,
நிறுத்தவன் சொன்னானேன்னு வாங்கினேன்.
அவரு தராசுல ஏதோ கோளாறு.
முத்திரை போட்டு ரொம்ப நாளாயிருக்கும்.
ஆளக் கண்டுபிடிச்சு ஒரு வார்த்தை சொல்லணும் தம்பி,
அவரு வீட்டுப் பிள்ளைக்கும் இப்படித்தானே சிதறும்."

கதவோரம் நின்ற உமையாள்
என்னைப் பார்க்கவில்லை.
மேசையில் கிடந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தாள்,
செல்வின், ஹவில்தார், இன்னும் இருபத்தாறு பேர்.
இடது கண் லேசாக இடுங்கியது.
மூச்சு நின்றிருந்தது, கோச் சொன்ன மாதிரியே.
"போலாம்ப்பா" என்றாள்.

அவர் போகவில்லை. சொல்லச் சொல்லத் தட்டினேன்.
ஒரு நட்சத்திரம்.
நூறு எடையையும் போடச் சொன்னார், போட்டேன்,
ஒற்றெழுத்துகூட விடாமல்.
இருநூற்றுப் பன்னிரண்டு ஐந்துகளுக்குக் கீழே
போய் உட்கார்ந்துகொண்டது அது.
டைப் கூலி என்று பத்து ரூபாய் வைத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி அடுத்த வேலை வந்தது. பைனாகுலர், இருபது.
எல்லாம் அஞ்சா இருந்தா சந்தேகப்படுறாங்க,
ரெண்டு மட்டும் மூணு போடுங்க,
சின்னதா ஒரு குறை, உண்மை மாதிரி.

சன்னலைத் திறந்தேன்.
எடைமேடையில் ஒரு லாரி ஏறி நின்றது.
டிரைவர் இறங்கட்டும் என்று
கண்ணாடிக்குள் ஒரு தலை காத்திருந்தது.
பெயர் கேட்ட இடத்தில் 'அ' என்று அடித்தேன்,
அழித்தேன்,
வேறு பெயர் போட்டேன்.
"நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்.
சொன்னதைவிட நாற்பது கிராம் கூடுதல்.
மற்றபடி நல்ல பொருள்."