பதினான்கு கிலோ

இதை வாங்கிய அன்று கைபேசியில் செருகிப் பார்த்தேன்.
ஒலி அளவை முழுதாக ஏற்றியும்
பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோல் இருந்தது,
அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

டிப்போவில் ரோமெலுக்குத்தான் இதெல்லாம் தெரியும்.
உள்ளே கூம்பு இல்லை என்றான்.
காந்த வரிசைகளுக்கு நடுவே
வெங்காயச் சருகைவிட மெல்லிய ஒரு தாள்.
அது அசையக் கரண்ட் வேண்டும், நிறைய.
அறுபது ஓம், உணர்திறன் எண்பத்து மூன்று.
எண்களைச் சொல்லும்போது
ஜாதகம் பார்க்கிறவர் குரல் வந்துவிடும் அவனுக்கு.

எனக்கு ஆச்சரியமில்லை.
காரையே ராத்திரி முழுக்கப் பிளக்கில் செருகிவைத்தால்தான்
காலையில் கண் திறக்கும் ஊர் வினிப்பெக்.
மைனஸ் முப்பத்தொன்றில்
எது கேட்காது கொஞ்சம் கரண்ட்?

அவன் இரவல் தந்தது தீப்பெட்டி அளவு.
மிருதங்கத்தின் வலந்தலை வந்தது.
தொப்பியும் வந்தது,
ரவை பூச மறந்த தொப்பி.
அட்டைப்பெட்டியைத் தட்டினால் கேட்கும் அந்தச் சத்தத்துக்கு
நூற்றுப்பத்து டாலர்.

கடையில் ஒரு கறுப்புப் பெட்டி பார்த்தேன்.
அதன் அட்டையில் அத்தனை பூஜ்யங்கள், புள்ளிக்குப் பின்னால்.
எல்லாம் சரியாக இருந்தது.
நூற்றுக்கு நூறு வாங்குகிற பையன்போல்,
அதனிடம் பேச ஒன்றுமில்லை.

பிறகு டிரான்ஸ்கோனாவில்
ஹென்றி ஃப்ரீசன் என்பவருடைய நிலவறை.
ஸ்பீக்கர்களுக்கென்று செய்த பழைய ஆம்ப்ளிஃபையர்,
பின்னால் அவரே பற்றவைத்த நான்கு முனைச் செருகி.
'குமிழை எட்டு மணிக்கு மேல் திருப்பாதே,
தாள் கிழியும், காதும்.'
மூன்று நாள் வைத்துப் பார் என்றார்.
பதினான்கு கிலோ. பனிக்கட்டியில் நடக்க
எடை நல்லதுதான், சறுக்கவில்லை.

அன்று என்னுடையது கடைசி பஸ்.
செல்கர்க் அவென்யூ நிறுத்தத்தில் யாருமில்லை,
இருந்தும் அரை நிமிஷம் நின்றேன், பழக்கம்.
வண்டியை விட்டுவிட்டு வீடு வரும்போது ஒன்றரை.
சதானந்தம் தூங்கியாயிற்று.

போட்டது அந்த ஈரோட்டுக் கச்சேரி.
கல்யாண மண்டபத்தில் யாரோ கேசட்டில் பிடித்தது.
கேட்டவர்களைவிடச் சாப்பிட்டவர்கள் அதிகம்.
இருபது வருஷமாக என்னிடம் இருக்கிறது,
தனி ஆவர்த்தனம் எங்கே மூச்சு வாங்கும் என்று
எனக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்த அளவு.

தொப்பி வந்தது.
காதில் இல்லை, முதலில் தாடையில்.
ஏழாவது நிமிஷம், கோர்வைக்கு முன்
ஒரு இடைவெளி உண்டே, அதில்
ஒரு பெண்குரல்,
எனக்கு இடப்பக்கம், சற்றுப் பின்னால்:
'கடைசி பஸ் போயிருக்குமா?'

யாரும் பதில் சொல்லவில்லை.
கோர்வை தொடங்கிவிட்டது.

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு
சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றேன்.
போய்விட்டது அம்மா. நான்தான் ஓட்டினேன்.

மறுநாள் நியாயமாக இருக்கவேண்டுமென்று
தீப்பெட்டியில் மறுபடி போட்டேன்.
அதிலும் கேட்டது.
இத்தனை நாள் இருந்ததா,
இல்லை, தெரிந்துவிட்டதால் காது எழுதிக்கொள்கிறதா?
ரோமெலிடம் கேட்டால் எண் சொல்லுவான்.
கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஃப்ரீசன் கூப்பிட்டார்.
'கனமாக இருக்கிறது' என்றேன்.
'ஆமாம்' என்றார்.
இருநூற்று எண்பதை
இருநூற்று ஐம்பதுக்குக் கொண்டுவந்தேன்.
பனிக்கால டயர் இன்னொரு மாதம் தள்ளும்,
சதானந்தத்திடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்போது அதன் மேல்மூடிக் கம்பிகளின் ஓரமாக
என் ஓட்டுநர் கையுறைகள் காய்கின்றன.
மேலே வைக்காதே என்று ஃப்ரீசன் சொல்லியிருக்கிறார்.
ஓரமாகத்தான் வைத்திருக்கிறேன்.