பொருந்தாததை அடித்துவிடவும்

பாலக்கோடு தாலுகா ஆபீஸில்
வேட்புமனு வாங்கிய நாட்களில்
என் மேசையில் இருந்தது உறுதிமொழிப் படிவக் கட்டு.
ஒரே வரி, நடுவில் ஒரு சாய்கோடு.
இந்தப் பக்கம் ‘கடவுளறிய’
அந்தப் பக்கம் ‘உளமார’.
பொருந்தாததை அடித்துவிட்டு
அதிகாரி முன்னால் வாய்விட்டு வாசிக்க வேண்டும்.
வாசித்து முடித்ததும் நான் நம்பர் போடுவேன்.

கறுப்புச் சட்டைத் தமிழ்க்கதிர்
முப்பது வருஷம் மைக் பிடித்து
சாமி இல்லை என்றவர்.
படிவத்தைப் பார்க்கக்கூட இல்லை.
‘எது வழக்கமோ அதையே வைங்கம்மா.’
சார், கடவுள்னு வரும் என்றேன்.
‘இருக்கட்டும். யார் கேட்டா?’
பெட்டிக்கு ஒரு கிலோ கழிவு விடுகிற
தக்காளி மண்டிக்காரர் மாதிரி
அத்தனை லேசாய் ஒத்துக்கொண்டு
கணீரென்று வாசித்தார்.

சைக்கிள் கடை பியாரேஜான், சுயேச்சை.
டெபாசிட் முழுக்கப் பத்து ரூபாய் நாணயம்,
எண்ணவே மதியமாகிவிட்டது.
யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் விட்டிருந்தார்.

திம்மராயன் வந்தது வியாழக்கிழமை
ராகுகாலத்துக்கு முக்கால் மணி முன்னால்.
நூறு மீட்டர் கோட்டுக்கு அப்பால் பம்பை முழங்கியது.
வழியெல்லாம் அவர் முகம் போட்ட தட்டி:
‘கடவுளுக்குப் பயந்தவர்
மக்களுக்குப் பணிந்தவர்.’
நெற்றி நிறைய நாமம்,
சனிக்கிழமை தவறாத ஒருபொழுது,
மலைக்கு நடந்தே போன கால்.
சிரித்தபோது பார்த்தேன்
எங்கள் போர்த் தண்ணீர் கறையேற்றிய பல்,
எனக்கிருப்பது போலவே.

பேனாவை வாங்கியவர்
அந்தச் சாய்கோட்டின் மேல் நின்றுவிட்டார்.
ஃபேன் சுற்றியது. வக்கீல் மணி பார்த்தார்.
பிறகு நிதானமாய், ஸ்கேல் வைத்தது போல,
‘கடவுளறிய’ மேல் ஒரு கோடு.

‘அண்ணே, மாத்தி அடிச்சிட்டீங்க,
வேற படிவம் வாங்கட்டுமா?’
‘தெரிஞ்சுதான் அடிச்சேன்.’
குரலைத் தாழ்த்தினார், ஆனால் என் மேசை பக்கம்தான்:
‘நாளைக்குக் கணக்கு எழுதணும்ல.
அவரை எதுக்கு இதுல இழுக்கறது.’

‘உளமார’ என்று வாசித்தபோது
நாக்கு ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.
கையெழுத்துப் போட்டதும்
அடித்த சொல்லை விரலால் தொட்டுக்
கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எங்கள் பக்கம்
கோர்ட்டில் கூசாமல் பொய் சொன்னவனும்
முனியப்பன் வாசலில் கற்பூரம் அணைக்கச் சொன்னால்
தண்ணி குடிச்சிட்டு வரேன் என்று நழுவுவான்.
என் அப்பாவின் வரப்பு
அப்படி ஒருவன் நழுவியதால்தான் திரும்பி வந்தது.
அதனால் திம்மராயனை வேஷக்காரர் என்று
என்னால் சொல்ல முடியாது.
தட்டியில் இருந்தது நிஜம்.
பயந்தவர்தான்.
சாமியைப் பத்திரமாய் வெளியே அனுப்பிவிட்டு
எங்களோடு தனியாக உள்ளே நிற்கிறார்.

நம்பர் பதினொன்று போட்டேன்.
பிழை ஒன்றும் இல்லை. சட்டப்படி இரண்டும் சரி.
வாசலில் கேமராக்காரர்கள்
அவருடைய நாமத்தைக் கிட்டத்தில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தபால் ஓட்டு.
உறை வந்து நாலு நாள் ஆகிறது,
அலமாரியில் ரேஷன் கார்டுக்கு அடியில் கிடக்கிறது.

ஏழரை மணி டவுன் பஸ்ஸில் போகிறபோது
ரவுண்டானாவில் தலைவர்கள் எல்லோருக்கும்
நடத்தை விதிப்படி முகத்தைத் துணி சுற்றியிருக்கிறது.
நாங்கள்தான் சுற்றினோம், சணல் கயிறு போட்டு.
அடுத்த ஸ்டாப் ஏரிக்கரை.
முனியப்பனுக்கு விதி எதுவும் இல்லை.
கத்தியைத் தூக்கிக்கொண்டு
அத்தனை பெரிய கண்ணையும் திறந்துவைத்து
ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.
கண்டக்டர் சில்லறை கேட்கிறான்.