தூசி: இல்லை

கடைசி வளைவில் லொறி ஏறவில்லை.
கால்களில் சவர்க்காரம் பூசிக்கொண்டு
ஆறு பேர் தூக்கி வந்தார்கள்
சீனத்து அலுமாரியை,
மழைக்கோட்டை அதற்குப் போர்த்திவிட்டுத்
தாங்கள் நனைந்தபடி.

அப்புத்தளைப் பக்கம் அட்டை இரண்டு வகை.
ஒன்று காலில் ஏறும்.
மற்றது கண்ணாடிச் சட்டத்துக்குள் நிற்கும்:
எல்ம் மரம். ஷான்சி மாகாணம்.
வயது நூற்று நாற்பது. ஆணி இல்லை.

எல்ம் என்றால் என்ன மரம்?
குணதாச பாஸ் தட்டிப் பார்த்தார், முகர்ந்தார்.
பலா இல்லை, சப்பு இல்லை, சவுக்கும் இல்லை.
ரேகையைத் தடவிக்கொண்டே,
கான் வெட்டின மலை மாதிரி ஓடுது, என்றார்.

துரை இருந்த காலத்துத் தளபாடம் எங்கே என்று
வருகிறவர்கள் கேட்பார்கள்.
சில ஏலத்தில். சில அடுப்பில்.
ஒரு நாற்காலி எங்கள் லயத்துக் காம்பராவில்
மூன்று காலும் ஒரு செங்கல்லுமாய்.
அதற்கு அட்டை இல்லை.

ஐப்பசி மழையில் கதவு இறுகிவிட்டது.
உள்ளே இரண்டு பாஸ்போர்ட்.
வெளியே, கல்யாணமாகி ஒன்பது நாளான இருவர்,
நாலு மணிக்கு வான்.
பித்தளை வளையத்தைப் பிடித்து இழுத்து இழுத்து
மெனேஜர் திசேராவின் காது சிவந்துவிட்டது.
பாஸ் சீவுளியோடு வந்தார்.
ரெண்டு நூல் எடுத்தால் போதும், என்றார்.

பொறுங்க பாஸ், என்றேன்.

பதினொரு வருஷம்
ஸ்டோர் மேல்மாடியில் கொழுந்து வாட்டியவள் நான்.
பச்சை எப்போது தண்ணீரைக் கைவிடும் என்று
இந்த உள்ளங்கைக்குத் தெரியும்.
தலைமுடி காயவைக்கும் மெஷினைக் குளியலறையிலிருந்து கழற்றி வந்து
ஒன்றே முக்கால் மணி நேரம்
கிட்டவும் வைக்காமல் எட்டவும் வைக்காமல்
பிடித்துக்கொண்டிருந்தேன்.
முதலில் மணந்தது,
சாம்பலும் பழைய அரிசியும் போல.
பிறகு சத்தம்,
யாரோ விரல் நெட்டி முறித்தது போல ஒன்றே ஒன்று.

அந்தப் பெண் என்னைக் கட்டிப் பிடித்தாள்.
பையன் ஐந்நூறு தந்தான்.
அதைப் பொதுப் பெட்டியில் போடச் சொன்னார் திசேரா.
போட்டேன்.

அவர்கள் போன பிறகு
இழுப்பறையையும் உருவிக் காயவைத்தேன்.
அதன் கீழே
இன்னொரு அறை இருந்தது.
பூட்டு இல்லை, கைப்பிடி இல்லை,
அட்டையில் ஒரு சொல்லும் இல்லை.
முழங்கை வரை கையை விட்டேன்.
தங்கமா, கடிதமா, கூந்தலா
என்று நினைக்கத்தானே செய்யும் மனசு.

மண்.
விரல் நுனியில் மஞ்சளாய், மாவாய், காய்ந்த மண்.

ஸ்டோரில் கடைசித் தரத்துக்கு டஸ்ட் என்று பேர்,
நாங்கள் குடிப்பது அதைத்தான்.
அதைவிட மெல்லியது இது.
எங்கள் மலையில் மண்
இப்படி முழுசாய்க் காய்ந்து நான் கண்டதில்லை;
பங்குனியிலும் அடியில் ஒரு ஈரம் இருக்கும்,
சொல்லாமல் வைத்த பேச்சு மாதிரி.
இதுவோ மழையை அறியாத மண்.
எந்த ஊரிலோ காற்று கொண்டுவந்து போட,
என்னைப் போல் ஒருத்தி
பெருக்காமல் விட்டது.
குனிய முடியாத மாதமாயிருக்கலாம்.
அல்லது அவளுக்கும் இப்படியோர் அறை இருப்பது
தெரியாமலே போயிருக்கலாம்.

துணி கையில் இருந்தது.
ஊதினால் போய்விடும்.

விரலை உள்ளேயே தட்டிவிட்டு
இழுப்பறையைத் தள்ளினேன்.

சரிபார்ப்புத் தாளில்
கட்டில், துவாய், கேத்தல் எல்லாம் சரி.
தூசி என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதிக்
கையொப்பம் வைத்தேன்: ரா. பாக்கியசீலி.

தை பிறந்தது. மழை விட்டது.
அலுமாரி ராத்திரியில் தானாகத் திறக்கிறதாம்,
இரண்டாம் இலக்க அறையிலிருந்து முறைப்பாடு.
பழைய தாள் ஒன்றை நாலாய் மடித்துக்
கதவில் செருகி வைத்திருக்கிறேன்.
அடுத்த மழை வரை தாங்கும்.