மாதிரி எண் பதினேழு

எங்கள் பல்கலைக்கழகத்துக்கு
மதில் மூன்று பக்கம்தான்.
நாலாவது பக்கம் வாய்க்கால்.
ஆடு அந்த வழியாகத்தான் வரும்,
அரியர் வைத்தவனும்.

நீர்வளம், முதுநிலை இரண்டாம் ஆண்டு.
மொத்தம் ஒன்பது பேர்.
சேர்க்கை நாளில் துறைத்தலைவர் சொன்னார்:
"கூட்டம் இல்லாத இடத்தில்தான்
கருவி கைக்கு வரும்."
வந்தது.
உப்புமானி ஒன்று, ஒன்பது பேருக்கு,
மூடி தொலைந்து ரப்பர் பேண்டு போட்டது.

புதன்கிழமை ஊருக்குப் போகும் நாள்.
மதிப்பெண் பட்டியலில் அதற்குச்
'சமூகத் தொடர்பு, இரண்டு கிரெடிட்' என்று பெயர்.
திருத்துறைப்பூண்டியில் பஸ் மாறி
தலைஞாயிறு தாண்டி இறங்குவோம்.
மேட்டூர் திறந்தால் அங்கே
முதலில் பேப்பர் வரும்.
தண்ணீர், வந்தால் வரும்.

ஐம்பது கைப்பம்பு, ஐம்பது புட்டி.
ரஹீமா லேபிள் எழுதுவாள்.
சகாயராஜ் ஜி.பி.எஸ். பிடித்துக்கொண்டு
வெயிலில் அசையாமல் நிற்பான்,
சாமி இறங்கக் காத்திருப்பவன்போல.
நான் கேள்வித்தாள்.
நாற்பத்திரண்டு கேள்வி,
சென்னையில் யாரோ தயாரித்தது.
பதினொன்றாவது: வீட்டில் வாஷிங் மெஷின் உண்டா?

பதினேழாவது பம்பு, வார்டு மெம்பர் குணவதி வீட்டெதிரே.
எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்,
நடுவில் எழுந்துபோய்ப் பாலை இறக்கிவிட்டு வந்து
விட்ட இடத்திலிருந்து.
பிறகு அவர் கேட்டார்:
"போன வருஷமும் வந்தாங்க.
அதுக்கு முந்தின வருஷமும்.
புட்டியெல்லாம் எங்க போவுது?"

எனக்குத் தெரியும்.
ஃபிரிட்ஜ். பிறகு எக்செல்.
பிறகு ஸ்பைரல் பைண்டிங்.
நூலகத்தின் இரண்டாம் மாடியில்
பல்லி முட்டையிடும் அடுக்கு.
"ஆராய்ச்சிக்குங்க" என்றேன்.

அந்த வாரம்தான் தைவானிலிருந்து மெயில்.
மூன்று மாதப் பயிற்சி, உதவித்தொகை,
விமானச் சீட்டு அவர்கள் செலவு.
துறையிலிருந்து முதல் ஆள் என்று
கேன்டீன் முருகையன் பஜ்ஜிக்குக் காசு வாங்கவில்லை.
விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்தேன்:
'கடைமடை மக்களோடு நெருங்கிப் பணியாற்றிய அனுபவம்.'
நெருங்கித்தான்.
நடுவில் ஒரு கேள்வித்தாள் கனம்.

அளவீடு வந்தது.
பதினேழு: நாலாயிரத்து அறுநூறு.
குடிக்க ஆகாது, பயிருக்கும் ஆகாது.
தனியாகப் பஸ் ஏறினேன், வியாழக்கிழமை,
கிரெடிட் இல்லாத நாள்.

"உப்புன்னு வாயில வச்சாலே தெரியுமே."
குணவதி சிரித்துவிட்டார்.
வந்த வழியே திரும்ப
அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன்.
அதற்குள் உள்ளேபோய் ஒரு கோப்பு எடுத்துவந்தார்.
கலெக்டருக்கு ஏழு மனு.
ஏழுக்கும் ஒரே பதில்:
உரிய ஆதாரம் இணைக்கப்படவில்லை.
"நாக்குக்கு சீல் கிடையாதும்மா.
உங்க நம்பருக்கு உண்டுல்ல?"

துறைத்தலைவர் தயங்கினார்.
நிதி கொடுத்தவர்கள், ஒப்பந்தம், முன் அனுமதி.
மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.
கரண்ட் இல்லை, அது சும்மா தொங்கியது.
"ஒண்ணு மட்டும் போட்டா சலுகை.
ஐம்பதும் போடு" என்று
இழுப்பறையைத் திறந்தார்.
ஸ்டாம்ப் பேடு காய்ந்து கிடந்தது.
ரஹீமா பேனா மையை ஊற்றினாள்.
ஒன்பது பேரும் மாறி மாறிக் குத்தினோம்.
சகாயராஜ் ஆறு தாளில் தலைகீழாக.

எட்டாவது மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை.
வாரம் இருமுறை டேங்கர் வருகிறதாம்.
அது எங்கள் சீலால் இல்லை,
தேர்தலால் என்கிறான் சகாயராஜ்.
நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.
கனம் பார்க்கத் தராசு கடன் வாங்கியது
உரக்கடையில்.

புறப்படும் நாள் ரஹீமா
புதிய கேள்வித்தாளைக் காட்டினாள்.
வாஷிங் மெஷின் இருந்த இடத்தில் வேறு கேள்வி:
இந்த முடிவு உங்களுக்கு எந்த மனுவுக்கு வேண்டும்?
"சென்னை ஒத்துக்கிச்சா?" என்றேன்.
"சென்னைக்கு இன்னும் சொல்லல."